டிஸ்ப்ரோசியம் எங்கே போனது? மணலி ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மணலியில் பழைய காந்தங்களைக் கரைத்து, அருமண் (ரேர் எர்த்) எனப்படும் உலோகத் தனிமங்களின் ஆக்சைடை எடுக்கும் சிறு ஆலை ஒன்று இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்துக் காயலான் கடைகளில் காந்தம் வாங்குவார்கள். அமிலத்தில் கரைத்து, இரும்பை ஒதுக்கி, மிஞ்சும் அருமண்ணைப் பொடியாக்கி வெளிமாநிலத்துக்கு விற்பார்கள். ஒரு சரக்கு போய்ச் சேர்ந்ததும் வாங்கியவரிடமிருந்து புகார் வந்தது. அருமண் தனிமங்களில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் சரியாக இருக்கின்றன, டிஸ்ப்ரோசியம் மட்டும் பெயரளவுக்குத்தான் இருக்கிறது, பேசிய விலையைத் தர முடியாது என்று.

ஆலை உரிமையாளரின் சந்தேகம் நேராகக் காயலான் கடைப் பக்கம் திரும்பியது. ஏசி கம்ப்ரஸர் காந்தம் என்று சொல்லிவிட்டு ஹார்ட் டிஸ்க் காந்தத்தைக் கலந்து தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. வியாசர்பாடி வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியை நிறுத்திவைத்தார். "பாய், மூட்டையில என்ன இருக்குன்னு லேப்ல சொல்லட்டும், அப்புறம் கணக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். பாய் அசரவில்லை. "தாராளமா பாருங்க சார். அதே லோடுல வந்த மூட்டை இன்னும் பிரிக்காம உங்க குடோன்லதான் கிடக்கு."

அந்த ஒரு பதிலால்தான் இந்த ஆய்வே சாத்தியமானது. பிரிக்காத மூட்டை இல்லாமல் போயிருந்தால், ஒருவர் வாக்குக்கு எதிராக இன்னொருவர் வாக்கு என்பதோடு விஷயம் நின்றிருக்கும். திருவொற்றியூரில் உள்ள எங்கள் ஆய்வகத்திடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: கலப்படம் உண்டா, இல்லையா?

ஒரு தனிமத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை

நியோடிமியம் காந்தத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அருமண், 1 சதவீதம் போரான், மீதி பெரும்பாலும் இரும்பு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கலவை இது. சாதாரண வெப்பத்தில் இதன் பலத்துக்கு ஈடு கிடையாது. சூடு ஏறினால்தான் வம்பு. எதிர்க் காந்தப்புலத்தைத் தாங்கும் சக்தி மளமளவென்று குறைந்துவிடும். நியோடிமியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஸ்ப்ரோசியத்தைச் சேர்த்தால் சூட்டிலும் நிலைத்து நிற்கும். காந்தத்தின் தரப் பெயரில் கடைசியில் வரும் எழுத்துகள் இதைத்தான் சொல்கின்றன: எம் என்றால் 100 டிகிரி வரை, எச் என்றால் 120, எஸ்எச் 150, யூஎச் 180.

ஹார்ட் டிஸ்க்கில் அவ்வளவு சூடு இல்லை, எனவே அதில் டிஸ்ப்ரோசியம் மிகக் குறைவு. ஏசி கம்ப்ரஸர், மின்வாகன மோட்டார் போன்றவற்றில் சில சதவீதம் வரை இருக்கலாம். காயலான் கடையில் இந்த ஆங்கில எழுத்துகள் யாருக்கும் தேவைப்படுவதில்லை. எந்த மிஷினில் இருந்து கழற்றியது என்பதை வைத்தே தரம் பிரித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அது மோசமான முறையே இல்லை.

டிஸ்ப்ரோசியத்தின் விலை நியோடிமியத்தைப் போலப் பல மடங்கு. நம் நாட்டில் மணவாளக்குறிச்சி முதலான கடற்கரைகளின் மோனசைட் மணலில் அருமண் தாராளமாக இருந்தாலும், அதில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற இலேசான வகைகள்தான் அதிகம். டிஸ்ப்ரோசியம் போன்ற கனமானவை அதில் சொற்பம். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்தப் பட்டியலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் இரண்டும் உண்டு. வண்டித் தொழிலை நம்பியிருக்கும் சென்னை போன்ற ஊருக்கு அது சும்மா பத்திரிகைச் செய்தி இல்லை. பழைய காந்தத்தில் கிடக்கும் டிஸ்ப்ரோசியத்துக்கு மவுசு கூடியதும், காயலான் கடை வரை இந்தப் பெயர் போய்ச் சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

துப்பாக்கி சொன்ன சாட்சி

ஆலையில் கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி ஒன்று இருந்தது; எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை வைத்து என்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் கருவி அது. மூட்டை வரும்போது அதில் பார்த்திருக்கிறார்கள். டிஸ்ப்ரோசியம் இருப்பதாகக் காட்டியிருக்கிறது. பிறகு பொடியில் இல்லை என்றதும், துப்பாக்கியை ஏமாற்ற மேலாக நல்ல காந்தத்தைப் பரப்பி வைத்தார்கள் என்று உரிமையாளர் சொன்னார்.

துப்பாக்கியின் சாட்சியை நான் இரண்டு பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் இயற்பியல். இரும்பு தரும் முக்கியமான எக்ஸ்-கதிர் 6.40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். டிஸ்ப்ரோசியத்தின் முக்கியமான கதிர் 6.50ல். மூன்றில் இரண்டு பங்கு இரும்பாக இருக்கும் பொருளில், இரும்பின் மலை மாதிரியான சிகரத்துக்குப் பக்கத்திலேயே டிஸ்ப்ரோசியம் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த கதிரை நம்பலாம் என்றால் அது 7.25ல், இரும்பின் இரண்டாவது கதிருக்கும் காந்தத்தின் மேல் பூசிய நிக்கலின் கதிருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. பூச்சை உரிக்காமல் சுட்டால் வரும் எண்ணை நம்பிப் பணத்தை நிறுத்தவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

ஆகவே தனிமங்களை ஒன்றில் இருந்து ஒன்றைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவானது. அதற்கு எங்களிடம் இருந்தது குரோமடோகிராபி, அதாவது கலவையைக் குழாய் வழியே ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கும் முறை.

குழாய்க்குள்

அருமண் தனிமங்களைப் பிரிப்பது ஏன் சிரமம் என்றால், கரைசலில் அவை எல்லாமே மூன்று நேர்மின் சுமையோடு ஒரே மாதிரி நடந்துகொள்ளும். வித்தியாசம் உருவத்தில் மட்டும். லாந்தனம் அயனியின் ஆரம் 103 பைக்கோமீட்டர்; வரிசையில் பதினான்கு இடம் தாண்டி லுட்டீசியத்துக்கு வந்தால் 86. நியோடிமியம் 98, டிஸ்ப்ரோசியம் 91. பக்கத்துப் பக்கத்து ஆட்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பைக்கோமீட்டர்தான் இடைவெளி.

இந்த இடைவெளியை வைத்துப் பிழைப்பு நடத்திய பழைய ஆட்களை நினைத்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1885ல் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக், ஒரே தனிமம் என்று எல்லோரும் நம்பிய டிடிமியத்தைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கியே நியோடிமியம், பிரசியோடிமியம் என்று இரண்டாகப் பிரித்தார். அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் சுத்தமான தூலியம் எடுக்க ஏறத்தாழ 15,000 முறை படிகமாக்கினார் என்பது 1911ம் ஆண்டுச் சங்கதி. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில், பிளவுபட்ட யுரேனியத்தில் இருந்து வந்த அருமண் தனிமங்களைப் பிரித்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. அயனி மாற்றும் ரெசின் (ஓர் அயனியை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள்) நிரப்பிய குழாய்கள் அப்போதுதான் களத்துக்கு வந்தன. பொறுமையைக் குழாயிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். 1945ல் புரோமீத்தியம் அடையாளம் காணப்பட்டதும் அப்படிப்பட்ட குழாய் வழியாகத்தான்.

எங்கள் கருவி அந்தப் பரம்பரையில் ரொம்பச் சின்னது: மாத்திரைக் கம்பெனி மாதிரிகளைப் பார்க்க வாங்கிய பழைய எச்பிஎல்சி (அழுத்தத்தில் திரவத்தை ஓட்டும் குரோமடோகிராபிக் கருவி). அதன் குழாயில் ஆக்டேன் சல்போனேட் ஓடவிட்டால், உள்ளே இருக்கும் சிலிக்காத் துகள்களின் மேல் அது படிந்து அயனி மாற்றும் பரப்பாகிவிடும். ஓடவிடும் திரவம் ஹைட்ராக்சி ஐசோபியூட்ரிக் அமிலம். அருமண் அயனி ஒரு கணம் பரப்பில் ஒட்டும், அடுத்த கணம் இந்த அமிலத்தோடு சேர்ந்து நகரும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்: வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போகிறவர் முதலில் சேருவார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஏறுகிறவர் கடைசியில் சேருவார். சிறிய அயனியை அமிலம் இறுக்கமாகப் பிடிக்கும். எனவே லுட்டீசியம் முதலில் வெளியே வரும், லாந்தனம் கடைசியில். டிஸ்ப்ரோசியம் முன்பாதியில், நியோடிமியம் வெகுவாகப் பின்னால், அதை ஒட்டிப் பிரசியோடிமியம். வெளியே வரும் இடத்தில் ஆர்சனேசோ-3 என்ற சாயத்தைக் கலந்தால் அருமண் வரும்போதெல்லாம் நிறம் மாறும். அதை ஒளி அளக்கும் கருவி சிகரமாக வரையும்.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து வேதியியலாளர்கள் இதே வகை முறையில்தான் பயன்படுத்திய அணு எரிபொருளில் உள்ள லாந்தனைடுகளைப் பிரித்து, எரிபொருள் எவ்வளவு எரிந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் பார்க்கும் மாதிரி கதிர்வீச்சு உள்ளது. எங்களுடையது காயலான் கடை அழுக்கு. மற்றபடி வேதியியல் ஒன்றே.

மாதிரிகள்

ஆலை முதலில் தந்தது இரண்டு மாதிரி: மூட்டைக் காந்தம், விற்ற ஆக்சைடு. நாங்கள் இன்னும் மூன்று கேட்டோம். இரும்பைப் பிரிக்கும் கட்டத்தில் விழும் வீழ்படிவு, அப்போது வடிகட்டி ஒதுக்கும் பச்சைத் தண்ணீர், அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டுக் கிடைக்கும் சேறு. "அது வெறும் இரும்புத் தண்ணி சார், அதுல என்ன இருக்கப்போகுது?" என்று உரிமையாளர் கேட்டார். இருந்தாலும் கொடுத்துவிட்டார்.

காந்த மாதிரி எடுப்பதிலேயே பாதி உழைப்பு போய்விட்டது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட காந்தங்களில் ஒழுங்காக மாதிரி எடுக்க முடியாது. கடப்பாறை, இடுக்கி, மேசைக் கால் எல்லாவற்றிலும் போய் ஒட்டும். 310 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் காந்தத்தன்மை போய்விடும். ஒவ்வொரு மூட்டையிலும் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, சூளையில் வைத்து, பூச்சை உரித்து உடைத்தோம். பொடிக்கும்போது கவனம் வேண்டும். மிக மெல்லிய தூள் காற்றிலேயே தீப்பற்றும்.

எல்லா மாதிரியையும் அமிலத்தில் கரைத்து, இரும்பை மூன்று சுமை நிலைக்குக் கொண்டுவந்து, ஆக்சாலிக் அமிலத்தை அதிகமாகச் சேர்த்தால் அருமண் அத்தனையும் ஆக்சலேட்டாகக் கீழே விழும், இரும்பு கரைசலிலேயே நிற்கும். இந்தக் கட்டத்தில் டிஸ்ப்ரோசியம் நழுவவில்லை என்று உறுதி செய்ய, தெரிந்த அளவு டிஸ்ப்ரோசியத்தைச் சேர்த்துத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்த்தோம். கிடைத்தது.

மூட்டைக் காந்தத்தில் டிஸ்ப்ரோசியம் சிகரம் தெளிவாக நின்றது. மேல், நடு, அடி எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. நியோடிமியம் பத்துக்கு டிஸ்ப்ரோசியம் ஒன்று என்ற கணக்கு. ஹார்ட் டிஸ்க் காந்தம் கலந்திருந்தால் இப்படி வராது. பாய் சொன்னது உண்மை.

விற்ற ஆக்சைடில் அந்த விகிதம் ஐம்பதுக்கு ஒன்றைவிடவும் கீழே போயிருந்தது. வாங்கியவர் சொன்னதும் உண்மை.

பச்சைத் தண்ணீர்

வடிநீரின் வரைபடத்தில் நியோடிமியம் சிகரம் சுருங்கிப்போய், முன்னால் டிஸ்ப்ரோசியம் ஓங்கி நின்றது. பார்த்ததும் துள்ளிக் குதிக்கவில்லை. இந்த முறையில் யிட்ரியமும் டிஸ்ப்ரோசியமும் கிட்டத்தட்ட ஒன்றாக வெளியே வரும். யிட்ரியம் காந்தத்தில் வராதே என்றால், அதே தொட்டியில் முன்பு டியூப்லைட் பொடியைக் கரைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று ஆலை ஊழியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். டியூப்லைட் பொடியின் சிவப்பு ஒளிரும் பகுதி யிட்ரியம் ஆக்சைடுதான். எனவே வேறோர் ஆய்வகத்தில் ஐசிபி என்ற, தனிமங்களைத் தனித்தனியாக அளக்கும் கருவியில் யிட்ரியத்தை மட்டும் பார்க்கச் சொன்னோம். துளி இருந்தது, சிகரத்தை விளக்கப் போதாது. டிஸ்ப்ரோசியம்தான். சுண்ணாம்புச் சேற்றிலும் அது இருந்தது.

இரும்பைப் பிரிக்க ஆலை கையாண்ட வழி இது: கந்தக அமிலக் கரைசலில் சோடியம் சல்பேட் சேர்த்துச் சூடாக்குவது. நியோடிமியமும் சோடியமும் சேர்ந்த இரட்டைச் சல்பேட்டு இளஞ்சிவப்புப் பொடியாக விழும், இரும்பு கரைசலில் தங்கும். மலிவான, நல்ல முறை. ஆனால் இரட்டைச் சல்பேட்டாக விழுவது இலேசான அருமண் மட்டும். லாந்தனம் முதல் சமாரியம் வரை ஏறக்குறைய முழுதாக விழும்; அதற்கப்புறம் கரைதிறன் ஏறிக்கொண்டே போய், டிஸ்ப்ரோசியம், யிட்ரியம் முதலானவை கரைசலிலேயே நின்றுவிடும். 19ம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் அருமண்ணைச் சீரியம் குடும்பம், யிட்ரியம் குடும்பம் என்று இரண்டாகப் பிரித்ததே இந்தச் சோதனையை வைத்துத்தான். நியோடிமியப் படிகத்தோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் கீழே வரும். ஆக்சைடில் இருந்த பெயரளவு அதுதான்.

அதாவது, ஆலை தனக்குத் தெரியாமலே அருமண்ணை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தது. விலை அதிகமான பாதியைச் சுண்ணாம்பு போட்டுச் சேறாக்கி, அபாயக் கழிவு என்று எழுதி, கும்மிடிப்பூண்டிக்கு லாரி வாடகையும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த முறையை ஆலைக்கு அமைத்துக் கொடுத்த ஆலோசகர் ஹார்ட் டிஸ்க் காந்தத்தை மனதில் வைத்து அமைத்திருக்கிறார். அதற்கு இது பொருத்தமாகவே இருந்தது. பின்னாளில் கம்ப்ரஸர் காந்தத்துக்கு அதிக விலை கொடுத்து வாங்க ஆரம்பித்தபோது, தொட்டியில் எதையும் மாற்றவில்லை.

கண்ணால் பார்க்க ஒரு குழாய்

வரைபடத்தைக் காட்டினால் உரிமையாளர் தலையாட்டுவார், நம்ப மாட்டார் என்று தோன்றியது. அதனால் ஒரு கண்ணாடிக் குழாயில் செய்து காட்டினோம். பாயையும் கூப்பிட்டோம்.

இது 1950களில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஃபிராங்க் ஸ்பெடிங்கும் ஜாக் பவலும் வளர்த்தெடுத்த முறை. சல்போனிக் ரெசின் நிரப்பிய குழாயின் தலைப்பகுதியில் அருமண் கலவையை ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே உள்ள ரெசின் முழுக்கத் தாமிர அயனி. மேலிருந்து, உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலை மெதுவாக விட வேண்டும். இடிடிஏ டிஸ்ப்ரோசியத்தைப் பிடிக்கும் பிடி, நியோடிமியத்தைப் பிடிப்பதைவிடச் சுமார் 50 மடங்கு வலுவானது. தாமிரத்தை அதைவிடவும் இறுகப் பிடிக்கும். ஆகவே இடிடிஏ அருமண்ணைச் சுமந்துகொண்டு தாமிரப் பகுதிக்கு வந்ததும், அதை அங்கே இறக்கிவிட்டுத் தாமிரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும். இறங்கிய அருமண் அடுத்து வரும் இடிடிஏவில் மறுபடி ஏறும். இப்படி ஏறி இறங்கியே ஒவ்வொரு தனிமமும் தனித்தனிப் பட்டையாக ஒதுங்கிக்கொள்ளும். தாமிரத்துக்குப் பதில் அமில ரெசினை வைத்தால் இடிடிஏ உள்ளேயே படிகமாகிக் குழாயை அடைத்துவிடும்.

வடிநீரில் இருந்து எடுத்த கலவையை ஏற்றினோம். முதலில் ஆழ்ந்த நீலத்தில் தாமிரம் வெளியேறியது. அதன் பின்னால் ஏறக்குறைய நிறமே இல்லாத, லேசாக மஞ்சள் ஓடிய பகுதி: டிஸ்ப்ரோசியம். அப்புறம் ஊதாவில் நியோடிமியம், கடைசியில் மெல்லிய பச்சையில் பிரசியோடிமியம். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு மங்கலாகத்தான் இருந்தது. அவற்றின் மேல் இடிடிஏவின் பிடி இரண்டு மடங்குகூட வித்தியாசப்படாது. எங்கள் குழாயின் நீளத்துக்கு அது போதவில்லை. நிறமில்லாத பகுதியில் ஆக்சாலிக் அமிலம் விட்டதும் வெள்ளையாகத் திரண்டது.

"இத்த தான் சார் கால்வாய்ல ஊத்தினு இருந்தீங்களா?" என்று பாய் கேட்டார். கால்வாயில் ஊற்றவில்லை, முறைப்படிதான் அனுப்பினோம் என்று உரிமையாளர் கொஞ்சம் கோபமாகச் சொன்னார். பாக்கித் தொகை அந்த வாரமே தீர்ந்தது.

ஆலை அளவில் குழாய் ஓடுமா?

அடுத்த கேள்வி உரிமையாளரிடமிருந்து வந்தது: இதையே பெரிதாக வைத்துவிட்டால் என்ன? எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 0.6 மோல் அருமண்ணைத் தாங்கும். ஒரு கிலோ நியோடிமியம் ஏறக்குறைய 7 மோல். அது உட்காரவே 11, 12 லிட்டர் ரெசின் வேண்டும்; பிரிய அதற்குக் கீழே பல மடங்கு நீளம் வேண்டும். பழைய முறையில் இடிடிஏ கரைசல் 0.015 மோலார் அளவுக்கு நீர்த்தது. அந்த ஒரு கிலோவை வெளியே கொண்டுவரவே 460 லிட்டர் ஓட வேண்டும். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் வட்டாரத்தில் இது நடக்காது. உலகமே 1960களுக்குப் பிறகு பெருமளவுப் பிரிப்புக்கு, தண்ணீரோடு கலக்காத திரவத்தால் தனிமத்தை இழுத்தெடுக்கும் கரைப்பான் முறைக்கு மாறியதற்குக் காரணமும் இதுதான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் லிண்டா வாங்கின் குழு குழாய் முறையை மறுபடி தொழிலுக்கு ஏற்றபடி திருத்தியிருக்கிறது. அதைக் கவனித்துக்கொண்டிருக்கலாம், இப்போதே முதல் போட வேண்டாம்.

ஆனால் வடிநீரின் விஷயம் வேறு. நியோடிமியத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டதால், அதில் மிஞ்சும் அருமண் எடையில் கொஞ்சம், டிஸ்ப்ரோசியத்தில் செழிப்பு. அதற்குச் சிறு குழாய் போதும், நியாயமும் கூட. எனவே தொட்டியை மாற்றாமல், வடிநீரைப் பிடிப்பது என்று ஏற்பாடானது. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு இரும்பை மூன்று சுமைக்கு உயர்த்தி, ஆக்சாலிக் அமிலம் சேர்த்து, விழும் ஆக்சலேட்டை வறுத்து, கரைத்துக் குழாய்க்கு அனுப்புவது.

இதில் இரண்டு தலைவலி. இரும்பு ஆக்சாலிக் அமிலத்தைக் கணக்கில்லாமல் குடிக்கிறது. இன்னொன்று நம் ஊர் வெயில்: மூன்று சுமை இரும்பின் ஆக்சலேட்டுக் கரைசல் வெளிச்சம் பட்டால் இரண்டு சுமைக்கு இறங்கி, மஞ்சள் நிற இரும்பு ஆக்சலேட்டாக விழும். டிரம்மைத் திறந்தபடி முற்றத்தில் வைத்தால் டிஸ்ப்ரோசியத்தோடு மஞ்சளும் கலந்துவிடும். மூடிய கறுப்பு டிரம், கூரைக்கு அடியில், அன்றன்றே வடிகட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். பெராக்சைடே இல்லாமல், இரும்பை இரண்டு சுமை நிலையிலேயே விட்டு, டி2ஈஎச்பிஏ கரைப்பானால் டிஸ்ப்ரோசியத்தை மட்டும் இழுத்தெடுக்கும் வழியும் உண்டு; இரண்டு சுமை இரும்பை அந்தக் கரைப்பான் அவ்வளவாகத் தொடாது. செலவைப் பார்த்தால் நாளடைவில் அதுதான் வெல்லும் என்று நினைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டிக்குப் போன சேற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆலையில் இன்னும் அனுப்பாமல் கிடந்த சேற்றைக் கரைத்துப் பார்க்கும் வேலை நடக்கிறது; ஜிப்சம் அதிகமாக இருப்பதால் வடிகட்ட நேரம் பிடிக்கிறது. பாய் இப்போது கம்ப்ரஸர் காந்தத்துக்குத் தனி விலை கேட்கிறார். மூட்டைக்கு ஒரு மாதிரியை எங்களிடம் கொடுத்துப் பார்த்து, அந்த அளவை வைத்து விலை பேசிக்கொள்வது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சோதனைக் கட்டணம் ஆளுக்குப் பாதி.